22 கேலன் என்று எழுதிய சீட்டு: போர் தண்ணீர்க் கணக்கில் போன பணம்

போர் (ஆழ்துளைக் கிணறு) போடப் போகிறவர்களும், போர் போட்டு முடித்துவிட்டு மோட்டார் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறவர்களும் இதை ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிட்டுப் போங்கள். சென்ற கோடையில் எங்கள் தென்னந்தோப்பில் ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் ரூபாய் வீணாகப் போனது. போர் நல்ல போர், மோட்டார் நல்ல மோட்டார், சொட்டு நீர்க் குழாயிலும் ஒரு குறையும் இல்லை. ஒரு சீட்டில் எழுதியிருந்த தண்ணீர் அளவை எழுதியவர் ஒரு கேலனில் எழுதினார், படித்தவர் வேறொரு கேலனில் படித்தார். அவ்வளவுதான் நடந்தது. கேலனில் இரண்டு வகை உண்டு என்று அன்றைக்கு ஒருத்தர் வாய் திறந்து சொல்லியிருந்தால் நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் நாலேகால் ஏக்கர், 300 தென்னை. அப்பா இருந்தவரை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விடும்போது அதையும், மற்ற நாளில் கிணற்றையும் வைத்து ஓட்டிவிட்டார். அவர் போன பிறகு கிணறும் தரை தட்டிவிட்டது. வீட்டுக்காரர் திருப்பூரில் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். தம்பி அபுதாபியில். தோட்டத்தை நான்தான் பார்க்க வேண்டும் என்று ஆனபோது, முதலில் ஒரு போர், அப்புறம் சொட்டு நீர் என்று முடிவு செய்தேன். கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர், 300 மரத்துக்கு 24,000 லிட்டர். இதுதான் என் தேவை. இந்த ஒரு கணக்கை லிட்டரில் தெளிவாகப் போட்டு வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அடுத்தவர்கள் சொன்ன அளவுகளில்தான் வந்தன.

போர் வண்டி வந்து ஆறரை இஞ்ச் போர் போட்டார்கள். தண்ணீர் நன்றாகவே வந்தது. வெளியே ஓடும் தண்ணீரை ஒரு மடையில் திருப்பி, நடுவில் வி வடிவத்தில் வெட்டிய தகட்டை வைத்து, அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தார் வண்டிக்காரர். "ரெண்டரை இஞ்ச் தண்ணிங்க அம்மிணி, தாராளமா ஓடும்" என்றார். பில்லோடு ஓர் அட்டையும் கொடுத்தார். அதன் பின்புறம் ஓர் அட்டவணை: இத்தனை இஞ்சுக்கு மணிக்கு இத்தனை கேலன் என்று. ரெண்டரை இஞ்சுக்கு நேரே ஏறக்குறைய 1,100 என்று இருந்தது. அட்டையை பீரோவில் வைத்துவிட்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் எல்லோரும் போர் தண்ணீரை இஞ்சில்தான் பேசுகிறோம். இந்த இஞ்ச் குழாயின் அளவு இல்லை. வி வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை உள்ள உயரம். உயரம் ஏற ஏற வெட்டும் அகலமாகிக்கொண்டே போவதால், இஞ்ச் இரட்டித்தால் தண்ணீர் இரட்டிக்காது, ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடும். 90 டிகிரி வெட்டுக்கு உத்தேசமான கணக்கு இது: ஒரு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர், இரண்டு இஞ்ச் என்றால் 48 லிட்டர், இரண்டரைக்கு 84, மூன்றுக்கு 133. "ரெண்டரைக்கும் மூணுக்கும் அரை இஞ்ச்தானே வித்தியாசம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அரை இஞ்சில் ஐம்பது லிட்டர் இருக்கிறது. அளக்கும்போதும் தகட்டை ஒட்டி அளக்கக் கூடாது. தண்ணீர் வெட்டில் விழும் இடத்தில் மட்டம் சரிந்துவிடும், கொஞ்சம் பின்னால் தள்ளி அளந்தால்தான் சரியான உயரம் கிடைக்கும்.

சொட்டு நீர் போட வந்தவர், இஞ்ச் கணக்கை வைத்து டிசைன் போட முடியாது, டெஸ்ட் மோட்டார் இறக்கிப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள் என்றார். நியாயமான பேச்சு. டெஸ்ட் மோட்டார்காரர் வந்தார். மோட்டாரை இறக்கி, குழாயில் ஒரு வெளிநாட்டு ஃப்ளோ மீட்டரைப் பொருத்தி, பல மணி நேரம் ஓட்டினார். முள் மேலும் கீழுமாக ஆடி, கடைசியில் 22இல் நின்றது. "22 ஜி.பி.எம்." என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நிமிடத்துக்கு 22 கேலன் என்று அர்த்தம். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஆனால் எந்தக் கேலன் என்று சீட்டில் இல்லை.

மோட்டார் கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் கால்குலேட்டரில் 22ஐ 4.546ஆல் பெருக்கினார். "பாருங்க, சொல்லி வச்ச மாதிரி நூறு லிட்டர். நிமிஷத்துக்கு நூறு. இந்தக் காலத்துல இது நல்ல தண்ணிங்க" என்றார். நிமிடத்துக்கு நூறு லிட்டர் இழுக்கிற மாதிரி ஏழரை எச்.பி. மோட்டார் எடுத்துக் கொடுத்தார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் கேலன் என்றால் ஆங்கிலேயர் காலத்துக் கேலன், 4.546 லிட்டர். போர் அட்டவணைகள் எல்லாமே அதில்தான். முப்பது வருடமாக அவர் பெருக்கி வந்தது அந்த எண்ணால்தான். சொட்டு நீர்க்காரர் அந்த நூறை அறுபதால் பெருக்கி மணிக்கு 6,000 லிட்டர், அதாவது 6 கன மீட்டர் என்று எடுத்துக்கொண்டார். 300 மரத்தை இரண்டு வால்வாகப் பிரித்தார். வால்வுக்கு 150 மரம், மரத்துக்கு மணிக்கு எட்டு லிட்டர் சொட்டும் டிரிப்பர் ஐந்து, ஆக மரத்துக்கு மணிக்கு 40 லிட்டர். ஒரு வால்வு இரண்டு மணி நேரம், இரண்டு வால்வுக்கு நாலு மணி நேரம், 24,000 லிட்டர். தாளில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் வால்வு ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வால்வு திறந்து கொஞ்ச நேரத்தில் குழாய் இருமுவது போலச் சத்தம் போட்டது, டிரிப்பரில் தண்ணீரும் காற்றும் மாறி மாறி வந்தன. கடைசி வரிசை மரங்களுக்குச் சொட்டு நின்றே போனது. "காத்து இழுக்குதுங்கக்கா" என்று தோட்டத்து அண்ணன் ஓடி வந்து சொன்னார். புதுப் போர்தானே, அடைப்பு ஏதாவது இருக்கும், ஓடி ஓடித்தான் சரியாகும் என்றார்கள். அப்படியே ஓட்டினோம். ஒரு நாள் மோட்டார் கத்திவிட்டு நின்றது. தூக்கிப் பார்த்தால் உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்தது. ரீவைண்டிங் 8,500 ரூபாய், அறுநூறு அடியிலிருந்து தூக்கி இறக்கக் கூலி 5,000.

ஏன் முதல் வால்வு ஓடி இரண்டாவது வால்வில் மட்டும் காற்று வந்தது என்பதற்கு இப்போது என்னிடம் கணக்கு இருக்கிறது. அன்றைக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். எங்கள் போரில் மோட்டாருக்கு மேலே முந்நூறு அடி தண்ணீர் நின்றது. கிட்டத்தட்ட 1,950 லிட்டர் கையிருப்பு. ஊறுவது நிமிடத்துக்கு 83 லிட்டர் (இதைப் பின்னால்தான் அளந்தேன், சொல்கிறேன்), இழுப்பது 100 லிட்டர். துண்டு விழும் 17 லிட்டரைக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1,950ஐ 17ஆல் வகுத்தால் சுமார் 115 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒரு குறையும் தெரியாது, அதற்கப்புறம் மோட்டார் வெறும் காற்றில் சுற்றும். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டை எடுக்கிறது. அது இல்லாவிட்டால் கருகத்தான் செய்யும். உங்கள் மோட்டாரும் தினமும் ஏறக்குறைய அதே நேரம் ஓடிய பிறகு காற்று இழுக்கிறதா? அடைப்பைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தடவையும் கருகியது. இந்தத் தடவை பம்ப்பில் புஷ்ஷும் தேய்ந்துவிட்டது, எல்லாம் சேர்ந்து 19,500 ரூபாய். அப்போதுதான் சுற்றியிருந்த எல்லோரும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தார்கள். போர் வற்றிவிட்டது, ஊற்று மாறிவிட்டது, வேறு இடத்தில் இன்னொன்று போட்டுவிடுங்கள். சீட்டில் நூறு லிட்டர் என்றிருக்கிறது, இப்போது அவ்வளவு வரவில்லை, அப்படியானால் வற்றித்தானே இருக்க வேண்டும்? மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. மரங்களில் குரும்பை உதிர ஆரம்பித்திருந்தது. காலையில் தோப்புக்குள் போனால் காலடியில் நறநறவென்று மிதிபடும். அப்பா ஒவ்வொரு மரத்துக்கும் பேர் வைக்காத குறையாக வளர்த்தது. அந்தப் பதற்றத்தில்தான் நகையை வைத்து 1,80,000 ரூபாய்க்கு வடமேற்கு மூலையில் இரண்டாவது போர் போட்டோம். ஆயிரம் அடி வரை புழுதிதான் பறந்தது. வண்டி கிளம்பிப் போன பிறகு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரரிடம் போனில் சொல்லக்கூட அன்று மாலை வரை தைரியம் வரவில்லை.

அழுது முடித்த பிறகு ஒரு கோபம் வந்தது. இத்தனை பேர் இத்தனை எண் சொன்னார்களே, இந்தப் போரில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று யாராவது கண்ணால் பார்த்தார்களா? பழைய நீல டிரம் ஒன்று இருந்தது. இருநூறு லிட்டர் டிரம் என்று விற்பார்கள், ஆனால் வாய் வரை நிரப்பினால் அதற்கு மேலேயே பிடிக்கும். அதனால் 20 லிட்டர் குடிநீர் கேனால் பத்துத் தடவை ஊற்றி, மட்டம் நின்ற இடத்தில் கோடு போட்டேன். மோட்டாரைப் போட்டு, கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, எந்த இடத்தில் வைத்தால் மணிக்கணக்கில் ஓடியும் காற்று இழுக்காமல் ஒரே சீராக வருகிறது என்று பார்த்தேன். அந்த நிலையில் டெலிவரி பைப்பை டிரம்மில் விட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். கோட்டைத் தொட இரண்டு நிமிடம் இருபத்தைந்து வினாடி. 200ஐ 145ஆல் வகுத்து அறுபதால் பெருக்கினால் 82.8. மறுபடி மறுபடி பிடித்துப் பார்த்தேன், 83ஐச் சுற்றியேதான் வந்தது. மோட்டார் போட்டதும் வரும் வேகத்தை வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது போரில் நின்றிருந்த கையிருப்பு. ஓடி ஓடி நிலைக்கு வந்த பிறகு பிடிப்பதுதான் ஊற்றின் அளவு.

அன்று இரவு பீரோவிலிருந்து போர்காரரின் அட்டையை எடுத்தேன். மணிக்கு 1,100 கேலன். 4.546ஆல் பெருக்கினால் 5,000 லிட்டர். அறுபதால் வகுத்தால் 83. டிரம் சொன்ன அதே எண். அப்படியானால் போர் வற்றவே இல்லை, போட்ட நாளில் எவ்வளவு வந்ததோ அதேதான் இன்றும் வருகிறது! டெஸ்ட் சீட்டைப் பக்கத்தில் வைத்தேன். நிமிடத்துக்கு 22 கேலன் என்றால் மணிக்கு 1,320. ஒரே போர், ஒரே வாரம். ஓர் அட்டையில் 1,100 கேலன், இன்னொன்றில் 1,320 கேலன். 1,320ஐ 1,100ஆல் வகுத்தேன், சரியாக 1.2 வந்தது. அளவெடுப்பதில் தவறு என்றால் இப்படி வெட்டி எடுத்த மாதிரி வராது என்று தோன்றியது. டெஸ்ட் மோட்டார்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, அந்த மீட்டர் முகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றேன். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஜி.பி.எம். என்ற எழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் யு.எஸ். என்று இருந்தது.

அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். 22ஐ அதால் பெருக்கினால் 83.3 லிட்டர். டிரம், அட்டை, மீட்டர் மூன்றும் ஒன்றுகூடிவிட்டன.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் வேலை செய்வது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். "அக்கா, இங்க எல்லாமே எம்.ஐ.ஜி.டி.ன்னுதான் எழுதுவோம். அந்த ஐ எதுக்கு இருக்குன்னு நெனச்ச? இம்பீரியல்னு சொல்றதுக்குத்தான். அமெரிக்கா பம்ப் வந்தா அதுல யு.எஸ். ஜி.பி.எம். இருக்கும். ரெண்டையும் கலந்தா வேலையே போயிரும்" என்றான். ஒரு நாளைக்குப் பத்து லட்சம் இம்பீரியல் கேலன் என்பதுதான் அந்த அளவு. 4,546 கன மீட்டர். அத்தனை பெரிய ஆலையில் ஓர் எழுத்தை விடாமல் எழுதுகிறார்கள். நாலேகால் ஏக்கர்காரிக்குக் கொடுக்கும் சீட்டில் மட்டும் அந்த எழுத்து வேண்டாம் என்று எப்படி ஆனது?

இரண்டு கேலன் ஏன் வந்தது என்றும் தேடிப் படித்தேன். பழைய இங்கிலாந்தில் ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன் என்று பல இருந்திருக்கின்றன. அமெரிக்கா அதில் 231 கன இஞ்ச் கொண்ட ஒயின் கேலனை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து 1824இல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பத்து பவுண்ட் எடையுள்ள தண்ணீர் பிடிக்கும் அளவைப் புதுக் கேலன் என்று சட்டம் போட்டது. நமக்கு வந்தது அந்தப் பத்து பவுண்ட் கேலன். இந்தியா 1956இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் கொண்டு வந்தும், போர் வண்டி அட்டையிலும் மோட்டார் கடை மேசையிலும் கேலன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இறக்குமதி மீட்டரும் ஃபில்டரும் வந்த பிறகு அமெரிக்கக் கேலனும் சேர்ந்துகொண்டது.

மனக்கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு அமெரிக்கக் கேலனும் ஐந்து இம்பீரியல் கேலனும் ஏறக்குறைய சமம். என்னை அலைக்கழித்த 1.2 அதுதான். இன்னொன்று, கன மீட்டரில் வேண்டுமானால், நிமிடத்துக்கு 4.4 அமெரிக்கக் கேலன் மணிக்கு ஒரு கன மீட்டர். இம்பீரியல் என்றால் 3.67 கேலனே போதும். அதே 22 ஒரு கேலனில் 5 கன மீட்டர், இன்னொரு கேலனில் 6 கன மீட்டர். இரண்டரை ஏக்கருக்குப் போதுமான தண்ணீரை வைத்து மூன்று ஏக்கருக்கு டிசைன் போட்டது போலத்தான். போனில் மாற்றிப் பார்க்கிறவர்கள் கவனியுங்கள், வெறும் கேலன் என்று தட்டினால் பல ஆப்களில் அமெரிக்கக் கேலன்தான் வரும். நம் ஊர் அட்டையில் உள்ள கேலனை அதில் போட்டால் தண்ணீரைக் குறைத்துக் காட்டும்.

கேலன் மட்டும் வில்லங்கம் இல்லை, பக்கத்தில் உள்ள நேரமும் வில்லங்கம்தான். மோட்டார் கேட்டலாக் ஒன்றில் நிமிடத்துக்கு லிட்டர், இன்னொன்றில் வினாடிக்கு லிட்டர், சொட்டு நீர்க்காரர் மணிக்குக் கன மீட்டர், டிரிப்பர் மணிக்கு லிட்டர். எங்கள் போர் தண்ணீரையே நிமிடத்துக்கு 83 லிட்டர் என்றும் சொல்லலாம், வினாடிக்கு 1.39 லிட்டர் என்றும் சொல்லலாம், மணிக்கு 5 கன மீட்டர் என்றும் சொல்லலாம். 5 என்று கேட்டால் குறைவாகவும் 83 என்று கேட்டால் அமோகமாகவும் தோன்றும், இரண்டும் ஒரே தண்ணீர். நான் இப்போது யார் எந்த அளவில் சொன்னாலும் முதலில் நிமிடத்துக்கு லிட்டராக மாற்றி நோட்டில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் டிரம்மையும் கடிகாரத்தையும் வைத்து நானே சரிபார்க்க முடிந்த அளவு அது ஒன்றுதான். அதை 0.06ஆல் பெருக்கினால் மணிக்குக் கன மீட்டர், அறுபதால் வகுத்தால் வினாடிக்கு லிட்டர். வினாடிக்கு லிட்டரை 3.6ஆல் பெருக்கினாலும் மணிக்குக் கன மீட்டர் வந்துவிடும். இடையில் வரும் எண்ணைச் சுருக்காதீர்கள், கடைசியில் சுருக்கிக்கொள்ளலாம்.

பேப்பரில் மேட்டூர் அணைக்கு வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று போடுகிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். ஒரு கன அடி 28.3 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் நிமிடத்துக்கு 1,700 லிட்டர், எங்கள் போர் மாதிரி இருபது போர் சேர்ந்தால்தான் அது வரும். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் செய்தியைப் படிக்கிற கண்ணே மாறிவிட்டது. போர் வண்டியின் கம்ப்ரசரில் 1,100 சி.எஃப்.எம். என்று எழுதியிருக்கும். அது நிமிடத்துக்குக் கன அடி, அதுவும் காற்றின் அளவு, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "பெரிய வண்டி, தண்ணி நல்லா வரும்" என்று பேசிக்கொள்கிறார்கள், அதை நம்பி வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மோட்டாரின் அளவைப் பார்க்கும்போது எந்த உயரத்துக்கு அந்த அளவு என்றும் கேளுங்கள். கடையில் சொல்லும் பெரிய எண் பெரும்பாலும் குறைந்த உயரத்துக்கானது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறையும். பெயர்ப்பலகையில் உயரம் மீட்டரில் இருக்கும், நாம் அடியில் யோசிப்போம். அடியை 3.28ஆல் வகுத்தால் மீட்டர். இதை எல்லாக் கையேடும் சொல்லும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: போர் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவையும் இழுக்கிற மோட்டார் வாங்கக் கூடாது. 83 ஊறினால் 65, 70 இழுத்தால் போதும். கோடையில் ஊற்று குறைந்தாலும் மோட்டார் பிழைக்கும்.

எங்கள் மோட்டாரை மாற்ற என்னிடம் பணம் இல்லை. கேட் வால்வை மூடி நிமிடத்துக்கு 67 லிட்டரில், அதாவது மணிக்கு 4,000 லிட்டரில் நிறுத்தினேன். தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும் டிரை ரன் கருவி பேனலில் 3,500 ரூபாய்க்கு மாட்டினோம். இரண்டு வால்வை மூன்றாக்கி, வால்வுக்கு நூறு மரம் என்று குழாயைப் பிரித்துப் போட 9,000 ஆனது. நூறு மரம், மரத்துக்கு 40 லிட்டர், மணிக்கு 4,000. மூன்று வால்வும் இரண்டிரண்டு மணி நேரம், மொத்தம் ஆறு மணி நேரம். அதே 24,000 லிட்டர். த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாலு மணி நேரத்துக்குப் பதில் ஆறு மணி நேரம், வித்தியாசம் இவ்வளவுதான். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அந்தப் புழுதிப் போரே வேண்டியிருந்திருக்காது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வெறும் போர் வாயை இரும்பு மூடி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். மூடாமல் மட்டும் யாரும் விடாதீர்கள், குழந்தைகள் நடமாடுகிற இடம்.

டெஸ்ட் மோட்டார்காரரிடம் சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இனிமேல் சீட்டில் லிட்டரையும் சேர்த்து எழுதுங்கள், மீட்டர் முகத்தைப் போட்டோ எடுத்துச் சீட்டோடு அனுப்புங்கள் என்று கேட்டேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது லிட்டரில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். நீங்கள் சீட்டு வாங்கும்போதும் இந்த இரண்டையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன்னால் கேட்டால்தான் கிடைக்கும்.

சமீபத்தில் ஃபில்டர் வாங்கப் போனேன். பெட்டியில் பின்னோட்டத்தில் கழுவ 18 ஜி.பி.எம். வேண்டும் என்று போட்டிருந்தது. கடைக்காரர் கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு 82 லிட்டர் வேண்டும், உங்கள் போருக்கு முட்டிக்கொள்ளும், ஒரு தொட்டியும் பூஸ்டர் மோட்டாரும் சேர்த்து வைத்துவிடுங்கள் என்றார். பெட்டியைத் திருப்பச் சொன்னேன். அமெரிக்கத் தயாரிப்பு, பக்கத்தில் யு.எஸ். என்றும் அச்சாகியிருந்தது. 18ஐ 3.785ஆல் பெருக்கினால் 68 லிட்டர். நான் வால்வை வைத்திருக்கிற 67இலிருந்து ஒரு நூல் திறந்தால் போதும். தொட்டியும் வேண்டாம், பூஸ்டரும் வேண்டாம் என்று சொல்லி ஃபில்டரை மட்டும் வாங்கி வந்து மாட்டியாகிவிட்டது. வாரம் ஒரு தடவை கழுவுகிறோம், நன்றாகத்தான் ஓடுகிறது.